காதுக்குப் பின்னால் மூன்று நாள்

டைனமைட் ஆலைகளில் வேலை பார்த்தவர்களுக்குத் திங்கட்கிழமை என்றாலே கலக்கம்தான். விடுமுறை முடிந்து ஆலைக்குள் நுழைந்த சில மணி நேரத்தில் மண்டை பிளக்கும். செவ்வாய், புதன் என்று நாள் போகப்போக வலி அடங்கும். அடுத்த விடுமுறை முடிந்து வந்தால் மறுபடியும் அதே பாடு.

காரணம் நைட்ரோகிளிசரின். இத்தாலியின் டூரின் நகரில் அஸ்கானியோ சொப்ரேரோ 1847-இல் முதன்முதலாகத் தயாரித்த எண்ணெய் போன்ற திரவம் அது. ஆல்ஃபிரட் நோபல் அதையே ஒருவகை மண்ணில் ஊறவைத்து 1867-இல் டைனமைட் ஆக்கினார். ஆலையில் அது மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் தொழிலாளிகளின் உடலுக்குள் போய் ரத்தக் குழாய்களை விரித்தது. தலையில் குழாய் விரிந்தால் தலைவலி. தினமும் பட்டுக்கொண்டே இருந்தால் உடல் பழகிக்கொள்ளும். ஓரிரு நாள் விட்டால் அந்தப் பழக்கம் கலைந்துவிடும். சில தொழிலாளிகள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தொப்பியின் உள்பட்டையில் கொஞ்சம் நைட்ரோகிளிசரினைத் தடவிக்கொண்டு விடுமுறை நாளிலும் அதைத் தலையில் மாட்டிக்கொண்டு திரிந்தார்கள். இந்தத் தொப்பியை வாசகர்கள் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. கதையின் நடுவில் அது மறுபடி தேவைப்படும்.

குழாயை விரிக்கும் அதே குணத்தை லண்டன் மருத்துவர் வில்லியம் மரெல் இதய வலிக்கு மருந்தாக்கி, 1879-இல் லான்செட் இதழில் எழுதினார். நாக்கில் பட்டதும் வேகமாக வேலை செய்யும், வேகமாகவே தீர்ந்தும் போகும். நீண்ட நேரம் நிற்க வேண்டுமானால் என்ன செய்வது? 1950-களில் நைட்ரோகிளிசரின் களிம்பு வந்தது. அங்குலக் கோடு போட்ட காகிதத்தில் களிம்பைப் பிதுக்கி, அதை மார்பில் வைத்து ஒட்டச் சொன்னார்கள். அங்குலம் சரியாக இருந்தாலும் எவ்வளவு இடத்தில் பரவியது, எவ்வளவு கனமாகப் படிந்தது, எவ்வளவு சட்டையில் ஒட்டிக்கொண்டது என்பதெல்லாம் அவரவர் கைப்பாடு. அளவு நோயாளிக்கு நோயாளி மாறியது.

தோலின் மேல் மருந்து போடுவது புதிதல்ல. சித்த மருத்துவம் புறமருந்துகளை 32 வகையாகப் பிரித்து, பற்று, பூச்சு, களிம்பு என்று பெயர் சொல்கிறது. ஐரோப்பாவில் கடுகுப் பற்றும் பெல்லடோனா பிளாஸ்திரியும் இருந்தன. ஆனால் இவற்றில் பெரும்பாலானவை வலிக்கிற இடத்துக்கே போட்ட வைத்தியம். முதுகில் ஒட்டியது ரத்தத்தில் கலந்து இதயத்துக்கோ மூளைக்கோ மணிக்கு இத்தனை மைக்ரோகிராம் போய்ச் சேர வேண்டும் என்று கணக்குப் போட்டு யாரும் ஒட்டவில்லை. அப்படி ஒரு கணக்கு சாத்தியம் என்றே மருத்துவ உலகம் நினைக்கவில்லை.

தோல் அதற்கு இடம் கொடுக்காது என்பதுதான் அன்றைய எண்ணம். அது ஓரளவுக்கு நியாயமும்கூட. தோலின் மேற்பரப்பில் ஸ்ட்ராட்டம் கார்னியம் என்றொரு அடுக்கு உண்டு. கனம் சுமார் 10 முதல் 20 மைக்ரான். தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. செத்துத் தட்டையான செல்கள், அவற்றின் இடுக்குகளில் கொழுப்பு. இவ்வளவுதான். ஆனால் உடலின் நீர் வெளியே போகாமலும் வெளியிலுள்ளது உள்ளே வராமலும் காப்பது இந்த அடுக்கு. 1960-களில் அமெரிக்காவின் பாஸ்டனில் ராபர்ட் ஷூப்லைனும் இர்வின் பிளாங்கும் இதன் வழியாக எந்தப் பொருள் என்ன வேகத்தில் போகிறது என்று அளந்து பார்த்தார்கள். இந்த அடுக்கு எதையும் தேர்ந்தெடுத்து உள்ளே இழுப்பதில்லை, சாதாரணப் பரவல் விதிக்கே கட்டுப்படுகிறது என்று தெரிந்தது. விதி இருந்தால் கணக்கு இருக்கும். கணக்கு இருந்தால் யாராவது பொறியாளர் வந்து சேர்வார்.

அவர் வருவதற்கு முன்பே, வேறொரு திசையில் ஒரு தற்செயல் நடந்திருந்தது. 1960-களின் தொடக்கத்தில் பெதஸ்டா கடற்படை மருத்துவமனையில் ஜூடா ஃபோக்மன் என்ற இளம் அறுவை மருத்துவர் கட்டாயப் பணியில் இருந்தார். பிற்காலத்தில் புற்றுநோய்க் கட்டிகள் ரத்தக் குழாய்களை வளர்த்துக்கொள்வதை ஆராய்ந்து புகழ்பெற்றவர் இவர்தான். உடன் பணியாற்றிய டேவிட் லாங், சிலிக்கோன் ரப்பருக்குள் சில சாயங்கள் ஊடுருவிப் போவதைக் கவனித்தார். எல்லாச் சாயமும் அல்ல; எண்ணெயில் கரைகிற, சிறிய மூலக்கூறு கொண்டவை மட்டும். துளை இல்லை, கிழிசல் இல்லை, ரப்பரின் உடலுக்குள்ளேயே கரைந்து மறுபக்கம் வந்தன. சாயம் போகுமென்றால் மருந்தும் போகுமே. மருந்தை ரப்பருக்குள் அடைத்து உடலுக்குள் வைத்தால் நாள் கணக்கில் மெதுவாகக் கசியும் என்று இருவரும் 1964-இல் கட்டுரை எழுதினார்கள். பின்னாளில் கைத்தோலுக்கு அடியில் பதிக்கிற நார்பிளாண்ட் என்ற கருத்தடைக் குச்சிகள் இந்த வழியில் வந்தவையே.

இங்கேதான் அலெஹாண்ட்ரோ ஸாஃபரோனி வருகிறார். 1923-இல் உருகுவேயின் மாண்டிவிடியோவில் பிறந்து, அமெரிக்காவின் ரோசெஸ்டரில் உயிர்வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். 1951-இல் மெக்சிகோவின் சின்டெக்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். கருத்தடை மாத்திரைக்கான ஹார்மோனைச் செயற்கையாகத் தயாரித்த நிறுவனம் அது. ஹார்மோன்களோடு பழகிய ஸாஃபரோனிக்கு ஒரு விஷயம் உறுத்தியது. உடலின் சுரப்பிகள் ஹார்மோனைத் துளித்துளியாகத்தான் ரத்தத்தில் விடுகின்றன. மாத்திரையோ ஒரேயடியாகக் கொட்டுகிறது. விழுங்கிய ஒரு மணி நேரத்தில் அளவு தேவைக்கு மேல் ஏறுகிறது, நான்கு மணி நேரத்தில் தேவைக்குக் கீழே இறங்குகிறது. ஏறும்போது பக்க விளைவு, இறங்கும்போது நோய். மருந்தை மாற்ற வேண்டியதில்லை, அது வந்து சேரும் வேகத்தை மாற்றினால் போதும் என்பது அவர் முடிவு.

1968-இல் சின்டெக்ஸை விட்டு வெளியேறி, கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் சொந்தப் பணத்தைப் போட்டு ஒரு நிறுவனம் தொடங்கினார். தன் பெயரின் முதல் எழுத்துகளையும் குடும்பப் பெயரின் முதல் எழுத்துகளையும் சேர்த்து அல்ஸா என்று பெயர் வைத்தார். ஃபோக்மனை ஆலோசகராக அழைத்தார். எம்.ஐ.டி. பேராசிரியராக இருந்து, வடிகட்டும் சவ்வுகள் செய்யும் அமிக்கான் நிறுவனத்தைத் தொடங்கிய வேதிப் பொறியாளர் ஆலன் மைக்கேல்ஸை 1970-இல் கொண்டுவந்தார். ஒரு மருந்து நிறுவனம் தன் ஆராய்ச்சித் தலைமைக்கு மருந்து வேதியியலாளரை விட்டுவிட்டுச் சவ்வுப் பொறியாளரைத் தேடியது அன்றைக்கு விநோதம்தான். அல்ஸாவின் சரக்கு என்ன என்பதை இந்த ஒரு நியமனமே சொல்லிவிடுகிறது. மருந்துகள் எல்லாம் பழையவை, ஊரறிந்தவை. புதியது பிளாஸ்டிக்.

முதல் சரக்கு தோலுக்கானது அல்ல, கண்ணுக்கானது. கண் அழுத்த நோய்க்குப் பைலோகார்பைன் சொட்டு மருந்தை ஒரு நாளில் நான்கு முறை விட வேண்டும். ஒவ்வொரு முறையும் பார்வை மங்கும். அதற்குப் பதிலாக எத்திலீன் வினைல் அசிடேட் என்ற பாலிமரின் இரண்டு மெல்லிய தாள்களுக்கு நடுவே மருந்தை வைத்து, கீழ் இமைக்குள் செருகிக்கொள்ளும் ஆக்குசெர்ட் 1974-இல் வந்தது. மணிக்கு 20 அல்லது 40 மைக்ரோகிராம் வீதம் ஒரு வாரம் முழுக்கக் கசியும். ஈ.வி.ஏ. என்று சுருக்கிச் சொல்லப்படும் இந்தப் பிளாஸ்டிக்கை நுரையாக்கித்தான் இன்று செருப்புக்கு அடிப்பாகம் போடுகிறார்கள். இதில் வினைல் அசிடேட்டின் பங்கைக் கூட்டினால் மருந்து வேகமாகப் போகும், குறைத்தால் மெதுவாகப் போகும். வேதியியலாளர்களுக்கு அற்புதமான கருவி. நோயாளிகளுக்குத்தான் பிடிக்கவில்லை. கண் அழுத்த நோய் பெரும்பாலும் முதியவர்களுக்கு வருவது. நடுங்கும் விரலால் இமைக்குள் செருகுவது சிரமம். தூக்கத்தில் அது விழுந்துவிடும். சொட்டு மருந்து மலிவு. ஆக்குசெர்ட் விற்கவில்லை. கையிருப்பு கரைந்த அல்ஸாவுக்கு 1970-களின் பிற்பகுதியில் சுவிட்சர்லாந்தின் சீபா-கைகி நிறுவனம் கைகொடுத்தது.

அடுத்த முயற்சிக்கு அவர்கள் தேர்ந்தெடுத்த மருந்து ஸ்கோபொலமைன். நம்மூர் ஊமத்தையிலும் இருக்கும் சரக்கு. கடற்பயணக் குமட்டலுக்கு இதைவிட நல்ல மருந்து அன்று இல்லை. இரண்டாம் உலகப் போரில் படகில் போகும் படைவீரர்களுக்குக் கொடுத்துச் சோதித்திருந்தார்கள். ஆனால் அளவு கொஞ்சம் மீறினால் வாய் வறளும், பார்வை மங்கும், தூக்கம் வரும், இன்னும் மீறினால் சித்தம் கலங்கும். குறைந்தால் வாந்தி. ஊமத்தை தின்றவனின் பிதற்றலைக் கேள்விப்பட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சீராக, மிகக் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டிய மருந்து. ஸாஃபரோனியின் கொள்கைக்கு இதைவிடப் பொருத்தமான பரீட்சை கிடையாது.

மைக்கேல்ஸும் ஜேன் ஷா என்ற விஞ்ஞானியும் மற்றவர்களும் தோலை ஆய்வுக்கூடத்தில் வைத்து அளந்தார்கள். உடலின் ஒவ்வோர் இடத்துத் தோலும் ஒவ்வொரு வேகத்தில் மருந்தை விட்டது. காதுக்குப் பின்புறத் தோல் மற்ற இடங்களைவிடத் தாராளமாக விட்டது. அதனால்தான் ஸ்கோபொலமைனை உள்ளே வைத்துத் தோலில் ஒட்டும் பேட்ச் காதுக்குப் பின்னால் போனது. முடிக்குள் மறைந்திருக்கும் என்பது கூடுதல் வசதி.

2.5 சதுர செ.மீ. பரப்புள்ள, தோல் நிற வட்டம் அது. வெளிப்புறம் அலுமினியம் பூசிய பாலியெஸ்டர் தாள், எதையும் வெளியே விடாதது. அதற்கடியில் கனிம எண்ணெயும் பாலிஐசோபியூட்டிலீன் என்ற பிசுபிசுப்பான செயற்கை ரப்பரும் கலந்த குழம்பில் 1.5 மில்லிகிராம் ஸ்கோபொலமைன். அதற்கும் கீழே நுண்துளைகள் கொண்ட பாலிபுரொப்பிலீன் சவ்வு. கடைசியாக ஒட்டும் பசை. அந்தப் பசையிலும் கொஞ்சம் மருந்து உண்டு, ஒட்டியதும் தோல் முதலில் உறிஞ்சிக்கொள்வதற்காக. ஒட்டுவதற்கு முன் உரித்துப் போடுவதற்கு ஒரு தாள். மொத்தக் கனம் 0.2 மில்லிமீட்டர்.

சூட்சுமம் அந்த நடுச்சவ்வில்தான். ஏரியின் மதகு வாய்க்காலைவிடக் குறுகலாக இருந்தால் வயலுக்குப் போகும் தண்ணீரை மதகே தீர்மானிக்கும். வாய்க்கால் அதைவிடக் குறுகலாக இருந்தால் மதகை எவ்வளவு திறந்தும் பயனில்லை. தோல் ஆளுக்கு ஆள் வேறுபடும். அந்த வேறுபாடு ரத்தத்தில் எதிரொலிக்கக்கூடாது என்றால், தோலைவிடச் சவ்வு இறுக்கமாக இருக்க வேண்டும். ஸ்கோபொலமைன் பேட்ச்சில் அப்படித்தான் வைத்தார்கள். சீரான ஓட்டத்துக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. உள்ளே சரக்கு எப்போதும் மிகுதியாக இருக்க வேண்டும். மூன்று நாள் முடிந்து உரித்துப் போடும்போதும் பேட்ச்சில் மருந்து மிச்சமிருக்கும்; மிச்சம் இல்லாவிட்டால் கடைசி நாளில் வேகம் விழுந்துவிடும். இந்த மிச்சம் ஸ்கோபொலமைனில் பெரிய சிக்கலாகவில்லை. பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து வேறொரு மருந்தில் உயிரைக் குடித்தது.

1979 டிசம்பர் 31 அன்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. டிரான்ஸ்டெர்ம்-ஸ்கோப் என்ற பெயரில் இதை அனுமதித்தது. உடல் முழுவதற்குமான மருந்தைத் தோல் வழியாகக் கணக்கிட்டுக் கொடுக்கும் முதல் பேட்ச். சில வேடிக்கைகளும் நடந்தன. பேட்ச்சைத் தொட்ட விரலால் கண்ணைக் கசக்கியவர்களுக்கு அந்தக் கண்ணின் பாவை மட்டும் விரிந்துகொண்டது. ஒரு பாவை பெரிது, ஒன்று சிறிது என்றால் மருத்துவர்கள் முதலில் மூளையில் கோளாறோ என்றுதான் பதறுவார்கள். காதுக்குப் பின்னால் பார்க்கத் தோன்றாதவரை பரிசோதனைகள் நீண்டன.

வெற்றி என்று சொல்லத்தக்கது 1981-இல் வந்தது. நைட்ரோகிளிசரின். ஒரே ஆண்டில் மூன்று நிறுவனங்கள் மூன்று விதமான பேட்ச்களோடு களத்தில் குதித்தன. அல்ஸா செய்து சீபா-கைகி விற்றதில் ஈ.வி.ஏ. சவ்வு, சர்ல் நிறுவனத்தினுடையதில் சிலிக்கோன் ரப்பர், கீ நிறுவனத்தினுடையதில் பாலிவினைல் ஆல்கஹாலும் போவிடோனும் சேர்ந்த ஈரக்கூழ். கட்டுமானம் வேறுவேறு, விளம்பரச் சண்டை பலம். ஆனால் ரத்தத்தில் போய்ச் சேர்ந்த அளவில் பெரிய வேறுபாடு இல்லை. இந்த மருந்தில் மதகு அகலம், வாய்க்கால்தான் குறுகல். தீர்ப்பு தோலின் கையில் இருந்தது. நோயாளிகளுக்கோ இந்தத் தகராறு எதுவும் தேவைப்படவில்லை. காலையில் ஒன்றை ஒட்டினால் மறுநாள் காலை வரை கவலையில்லை என்றார்கள். மருத்துவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். அது விற்றுத் தீர்ந்தது.

பிறகு தொப்பி திரும்பி வந்தது. 24 மணி நேரமும் ஒட்டியிருந்தவர்களுக்கு ஒரு நாள், இரண்டு நாள் கழித்து மருந்து வேலை செய்வது குறைந்தது. உடல் பழகிவிட்டது. டைனமைட் தொழிலாளி வேண்டுமென்றே தேடிப்போன பழக்கம் இதய நோயாளிக்கு வேண்டாத விருந்தாளி. தொடர்ந்து ஒட்டும் முறையில் பலன் நிற்பதில்லை என்று ஆய்வுகள் காட்டின. இப்போது 12 முதல் 14 மணி நேரம் ஒட்டி, பிறகு 10 முதல் 12 மணி நேரம் எடுத்துவிடச் சொல்கிறார்கள். சுரப்பிகளைப் போல இடைவிடாமல், சீராக என்பதுதான் ஸாஃபரோனியின் கொள்கை. அவருக்கு மிகப் பெரிய சந்தையைத் திறந்துவிட்ட மருந்தே அந்தக் கொள்கையை மறுத்தது. பொறியாளர்கள் செய்த பிழை இதில் எதுவுமில்லை. சவ்வு சொன்னபடி செய்தது, உடல்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

அடுத்து வரிசையாக வந்தன. 1984-இல் ரத்த அழுத்தத்துக்கான குளோனிடின், வாரம் ஒன்று; பலருக்குத் தோல் சிவந்து அரித்தது. 1986-இல் மாதவிடாய் நின்ற பெண்களுக்கான எஸ்ட்ராடயால். தோலின் கொழுப்பைக் கொஞ்சம் இளக்குவதற்காக அதன் பைக்குள் ஆல்கஹால் வைத்தார்கள்.

நிகோடின் பேட்ச்சின் கதை தனிச்சுவை. புகையிலை வயலில் ஈர இலையைப் பறிப்பவர்களுக்குக் குமட்டலும் தலைச்சுற்றலும் வரும். இலையிலிருந்து நிகோடின் தோல் வழியாக இறங்குவதால். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் மர்ரே ஜார்விக்கும் ஜெட் ரோஸும் இதைப் பிடித்துக்கொண்டார்கள். ஆட்களை வைத்துச் சோதிக்க அனுமதி கிடைக்காமல், தங்கள் தோலிலேயே புகையிலையை வைத்துப் பார்த்தார்கள். புகை பிடித்தால் ஆவது எல்லாம் ஆயிற்று. நியூ மெக்சிகோவில் ஃபிராங்க் எட்ஸ்கார்ன் கையில் நிகோடின் திரவம் கொட்டிக்கொண்டு இதே முடிவுக்குத் தனியாக வந்து, 1986-இல் காப்புரிமை வாங்கியிருந்தார். 1991 இறுதியிலும் அடுத்த ஆண்டிலும் நான்கு நிகோடின் பேட்ச்கள் அமெரிக்கச் சந்தைக்கு வந்தன. 1996-இல் மருந்துச் சீட்டு இல்லாமலே விற்க அனுமதி கிடைத்தது.

1990-இல் வந்த ஃபென்டனில் பேட்ச்சைப் பற்றி இவ்வளவு இலகுவாகப் பேச முடியாது. மார்ஃபினைவிடப் பல மடங்கு வீரியமுள்ள வலி நிவாரணி; பால் ஜான்சன் என்ற பெல்ஜிய வேதியியலாளர் உருவாக்கியது. புற்றுநோய் வலியில் துடித்து, எதையும் விழுங்க முடியாமல் கிடந்தவர்களுக்கு மூன்று நாளுக்கு ஒருமுறை ஒட்டினால் போதும் என்பது பெரும் விடுதலை. கட்டுமானம் பழைய பாணிதான்: செல்லுலோஸ் கூழில் கரைந்த மருந்துப் பை, முன்னால் ஈ.வி.ஏ. சவ்வு. பை கிழிந்தால் மூன்று நாள் மருந்தும் ஒரே நேரத்தில் தோலில் பரவும். ஓரத்தில் கசிகிறது என்று 2004-இல் ஒரு தொகுதி திரும்பப் பெறப்பட்டது. ஒட்டிய இடத்தில் சூட்டுப் பை வைத்தால் மருந்து வேகமெடுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக அந்த மிச்சம். மூன்று நாள் கழித்து உரித்துக் குப்பையில் போட்டதைக் குழந்தைகள் எடுத்து ஒட்டிக்கொண்டும் வாயில் போட்டும் இறந்திருக்கிறார்கள். மருத்துவக் குப்பையாக நினைத்தது நிரம்பிய மருந்துக் குப்பி. எடுத்ததும் ஒட்டும் பக்கம் உள்ளே வரும்படி மடித்துக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் விடச் சொல்லி எஃப்.டி.ஏ. எச்சரிக்கைமேல் எச்சரிக்கை விட்டது.

பையே வேண்டாம் என்ற முடிவுக்குத் தொழில் வந்து சேர்ந்தது இப்படித்தான். மருந்தைப் பசைக்குள்ளேயே கரைத்துவிட்டால் கசிய எதுவும் இல்லை. அக்ரிலிக், சிலிக்கோன், பாலிஐசோபியூட்டிலீன் என்று பசைக் குடும்பங்கள் மூன்று. இப்போது பசையே கிடங்கு, பசையே மதகு, தோலைப் பிடித்திருப்பதும் பசையே. மெல்லியது, மலிவானது, வெட்டினாலும் ஒழுகாதது.

ஒரே பொருளின் தலையில் மூன்று வேலையைக் கட்டினால் அது எங்காவது முரண்டு பிடிக்கும். பார்கின்சன் நோய்க்கான நியூப்ரோ என்ற பேட்ச்சை 2007-இல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். சிலிக்கோன் பசையில் ரோட்டிகோட்டின் என்ற மருந்து கரைந்திருக்கும். ஒரு வருடம்கூட ஆகவில்லை. கடையில் இருந்த பேட்ச்களில் பனிப்பூ வடிவத்தில் படிகங்கள் பூத்தன. மருந்து பசையிலிருந்து பிரிந்து தனியே உறைந்துகொண்டது. படிகமானது தோலுக்குள் போகாது. நோயாளிக்குக் கிடைக்கும் அளவு குறையும். 2008-இல் அமெரிக்காவில் திரும்பப் பெற்றார்கள். ஐரோப்பாவில் குளிர்பெட்டியில் வைத்துக் கொடுத்துச் சமாளித்தார்கள். பசையை மாற்றியமைத்து அமெரிக்காவுக்குத் திரும்பிவர 2012 ஆயிற்று. 2009-இல் இன்னொரு கோணத்திலிருந்து எச்சரிக்கை வந்தது: அலுமினியத் தாள் வைத்த பேட்ச்சை ஒட்டிக்கொண்டு எம்.ஆர்.ஐ. கருவிக்குள் போனவர்களுக்குத் தோல் சுட்டது.

இத்தனை பாலிமர் வித்தைக்குப் பிறகும் தோல் தன் கதவைப் பெரிதாகத் திறக்கவில்லை. நிகோடினின் மூலக்கூறு எடை 162, நைட்ரோகிளிசரின் 227, ஸ்கோபொலமைன் 303, ஃபென்டனில் 336. ஏறக்குறைய 500-ஐத் தாண்டினால் தோல் உள்ளே விடுவதில்லை என்பது 2000-இல் யான் போஸும் மார்கஸ் மைனார்டியும் எழுதி நிலைபெற்ற விதி. இன்சுலின் 5,800. தடுப்பூசிப் புரதங்கள் அதற்கும் மேலே எங்கோ இருக்கின்றன.

2001-இல் ஜான்சன் அண்ட் ஜான்சன் ஆயிரம் கோடி டாலருக்கு மேல் கொடுத்து அல்ஸாவை வாங்கியது. ஸாஃபரோனி அதற்கு வெகுமுன்பே வேறு நிறுவனங்கள் தொடங்கப் போய்விட்டார். 2014-இல், தொண்ணூறு வயதைத் தாண்டி மறைந்தார். அல்ஸாவின் காப்புரிமைக் கட்டில் 1976-ஆம் ஆண்டின் தாள் ஒன்று உண்டு. மார்ட்டின் கெர்ஸ்டல், வர்ஜில் பிளேஸ் என்ற இருவர் பெயரில் உள்ளது. ஸ்ட்ராட்டம் கார்னியத்தைக் கெஞ்சிக் கடக்க வேண்டாம், நரம்பைத் தொடாத அளவுக்குக் குட்டையான முட்களால் அதைக் குத்திவிட்டால் போதும் என்கிறது அது. அவ்வளவு நுண்ணிய முள்ளைச் செய்யும் உளி அன்று யாரிடமும் இல்லை. கம்ப்யூட்டர் சில்லு செய்பவர்களிடம் அது கிடைத்தது. 1998-இல் ஜார்ஜியா டெக்கில் மார்க் பிராஸ்னிட்ஸ், மார்க் ஆலன் ஆகியோரின் குழு, சுமார் 150 மைக்ரான் நீளத்தில் சிலிக்கன் முட்களைச் செதுக்கியது. உடலுக்குள் ஒடிந்தால் ஆபத்து என்பதால் அவற்றின் இடத்தில் தோலுக்குள் கரைந்துபோகும் பாலிமர் முட்கள் வந்தன. அந்த முட்கள் காம்பியாவின் குழந்தைகளுக்குத் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பு மருந்தைக் கொண்டுபோன கதை அடுத்த இதழில்.

(தொடரும்)